முதல் டிஸ்டார்ஷன் பெடல்: எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

ஆறுதந்தி:

அனைவருக்கும் வணக்கம். இரண்டு ஆண்டுகளாக எலக்ட்ரிக் கிட்டார் வாசித்து வருகிறேன். என்னிடம் இருப்பவை மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் ஒற்றைச் சுருள் பாகம்) கொண்ட ஸ்ட்ராட் வகைக் கிட்டாரும், எட்டு அங்குல ஸ்பீக்கர் உள்ள 15 வாட் டிரான்சிஸ்டர் ஆம்பும் மட்டுமே. கனமான ராக் ரிதம் வாசிப்பதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். ஆனால் ஆம்பிலேயே இருக்கும் கெயின் சேனலை (ஒலியை மிகையாகப் பெருக்கிக் கரடாக்கும் பகுதியை) இயக்கி, உள்ளங்கையைப் பிரிட்ஜ் மீது வைத்துத் தந்திகளை அமுக்கி வாசித்தால், 'தக் தக்' என்று இறுகி விழ வேண்டிய ஒலி 'பொத் பொத்' என்று ஈரச்சாக்கை அடிப்பது போல் விழுகிறது. எனவே கிட்டாரின் ஒலியை வேண்டுமென்றே கரடாக்கும், காலால் இயக்கும் சிறு பெட்டியான டிஸ்டார்ஷன் பெடல் ஒன்றைத் தனியாக வாங்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

பாஸ் டிஎஸ்-1, ப்ரோகோ ராட், பாஸ் எம்டி-2 மெட்டல் ஸோன் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்திருக்கிறேன். இவற்றின் மாதிரி ஒலிகளை இணையத்தில் கேட்டுப் பார்த்தேன். எல்லாமே நன்றாக இருக்கின்றன என்பதே பிரச்சினை. போதாக்குறைக்கு, டியூப் ஸ்க்ரீமர் என்னும் ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் என்பவை உண்மையிலேயே வெவ்வேறு பொருட்களா, அல்லது ஒரே பொருளுக்கு விற்பவர்கள் இட்ட மூன்று பெயர்களா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. நண்பர் ஒருவரின் பெடலை இரவல் வாங்கி வந்தேன். அவருடைய பயிற்சி அறையில் சுவர் அதிர ஒலித்த அதே பெடல், என் ஆம்பில் இணைத்தவுடன் தகர டப்பாவுக்குள் சிக்கிய குளவியைப் போல ஒலித்தது. குற்றம் பெடலிலா, ஆம்பிலா, கிட்டாரிலா, அல்லது என் கையிலா?

வால்வுவெளிச்சம்:

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்றவற்றுக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது. டிஸ்டார்ஷன் பெடல் என்பது ஒலியின் முதல் பாதி மட்டுமே. மறுபாதி உங்கள் ஆம்பும் அதன் ஸ்பீக்கரும். நண்பரின் அறையில் அநேகமாகப் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் இருந்திருக்கும், ஒலியளவும் கூடுதலாக இருந்திருக்கும். அதே பெடலின் பொத்தான்களை அதே நிலையில் வைத்து எட்டு அங்குல ஸ்பீக்கருக்குக் கொண்டுவந்தால், அடித்தளம் (தாழ்ந்த அதிர்வுகள்) காணாமல் போய் மேல்பகுதியின் (உயர்ந்த அதிர்வுகளின்) ரீங்காரம் மட்டுமே எஞ்சும். கிட்டாரின் கீழ்த்தந்தியைத் திறந்து மீட்டினால் எழும் அடிப்படை அதிர்வு சுமார் 82 ஹெர்ட்ஸ். சிறிய பெட்டிக்குள் அடைபட்ட எட்டு அங்குல ஸ்பீக்கரால் அந்த அதிர்வைத் திடமாகத் தர முடியாது. எனவே உங்கள் குளவிக்குப் பெடல் காரணமன்று.

இப்போது பெயர்களுக்கு வருவோம். பிக்கப்பிலிருந்து வரும் மின்னலையைப் பெடல் பல மடங்கு பெருக்குகிறது. பெருகிய அலை ஒரு குறிப்பிட்ட உயரத்தைத் தாண்ட முயலும்போது அதன் தலை வெட்டப்படுகிறது. வெட்டும் வேலையைப் பெரும்பாலும் டயோடுகள் செய்கின்றன. சிலிக்கான் டயோடு சுமார் 0.6 வோல்ட்டிலும், ஜெர்மானியம் டயோடு சுமார் 0.3 வோல்ட்டிலும் கடத்தத் தொடங்கும். சிங்கிள் காயில் பிக்கப் தருவதோ தோராயமாக 100 முதல் 200 மில்லி வோல்ட் வரைதான். அதை நூறு மடங்கு பெருக்கினால், தந்தி ஓய்ந்து அடங்கும் தறுவாயில்கூட அலை அந்த உயரத்தை முட்டிக்கொண்டே இருக்கும். ஒலி நீண்டு நிற்பதும், மெல்ல மீட்டினாலும் ஓங்கி மீட்டினாலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் கேட்பதும், கூடவே இரைச்சலும் ஏறி வருவதும் இதன் விளைவுகளே.

டயோடுகளை எங்கே வைக்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. டியூப் ஸ்க்ரீமரில் அவை பெருக்கியின் பின்னூட்டப் பாதையில் இருக்கின்றன. அதனால் வெட்டு மெதுவாக வளைந்து விழுகிறது, மூல அலையும் அதன்மேல் ஏறிக் கொஞ்சம் கலந்தே வெளியே வருகிறது. இதை ஓவர்டிரைவ் என்கிறோம். டிஎஸ்-1, ராட் ஆகியவற்றில் பெருக்கிக்குப் பிறகு வரும் அலையை டயோடுகள் நேராகத் தரைக்கு இழுத்து விடுகின்றன. வெட்டு கத்தியால் சீவியது போல் இருக்கும். இது டிஸ்டார்ஷன். ஃபஸ் இவை இரண்டுக்கும் மூத்தது. 1962-இல் வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்தான் கடைகளில் பரவலாக விற்பனையான முதல் ஃபஸ் பெடல்களில் ஒன்று. 1966-இல் வந்த ஃபஸ் ஃபேஸில் டயோடுகளே கிடையாது. அதிலுள்ள இரண்டு டிரான்சிஸ்டர்களே தம் எல்லையை முட்டி அலையைக் கிட்டத்தட்டச் சதுரமாக்கிவிடும். ஆக, பெயர்கள் வெறும் விளம்பரம் அல்ல. ஆனால் எல்லைக்கோடு அழிந்து கிடக்கிறது என்பதும் உண்மை; பிக் மஃப் என்னும் பெடலை ஒருவர் ஃபஸ் என்பார், இன்னொருவர் டிஸ்டார்ஷன் என்பார், இருவரிடமும் நியாயம் இருக்கும்.

டியூப் ஸ்க்ரீமர் வாங்கச் சொன்னவர் பொய் சொல்லவில்லை, ஆனால் உங்கள் ஆம்பைப் பார்க்காமல் சொல்லியிருக்கிறார். அந்தப் பெடலின் பெருமையெல்லாம், ஏற்கெனவே ஒலி கரடாகத் தொடங்கும் விளிம்பில் நிற்கும் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்பைப் பின்னாலிருந்து தள்ளிவிடுவதில் இருக்கிறது. சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் பகுதியை அது குறைவாகவே பெருக்குவதால், ஆம்புக்குள் நுழையும் கீழ்த்தந்தியின் கொழகொழப்பு அடங்கி ரிதம் இறுகும். சுத்தமான டிரான்சிஸ்டர் சேனலில் தனியாக வைத்தால் அது தரும் டிரைவ், நீங்கள் தேடும் கனத்துக்குப் போதாது. சுத்தமான சேனலை மட்டும் நம்பி நிற்பவருக்கு, ஒலியின் முழு உருவத்தையும் தானே செதுக்கித் தரும் டிஸ்டார்ஷன் பெடல்தான் பொருந்தும். உங்கள் பட்டியல் அந்த வகையில் சரியானது.

அந்த மூன்றில் 1978-இல் வந்த டிஎஸ்-1, மேல்பகுதி கூர்மையாகவும் நடுப்பகுதி சற்றுக் குழிந்தும் ஒலிக்கும். ஏற்கெனவே பிரகாசமான பிரிட்ஜ் சிங்கிள் காயிலோடு சேரும்போது டோன் பொத்தானைப் பன்னிரண்டு மணிக்கு (கடிகார முள்ளைப் போல நேர் மேலே நிற்கும் நிலைக்கு) மேல் கொண்டுபோனால் காது கூசும். ஒன்பது, பத்து மணி நிலையில் அது வேறொரு பெடலாகிவிடும். ராட்டும் 1970-களின் இறுதியில் பிறந்ததுதான். அதன் பழைய பிரதிகளில் இருந்த எல்எம்308 என்னும் சிப் வேகம் குறைந்தது. அந்த மந்தமே மேல்பகுதியின் கூர்மையை மழுக்கி, ஒலிக்குத் தடித்த, சற்றே அழுக்கான ஓர் உடம்பைக் கொடுத்தது. ராட்டின் ஃபில்டர் பொத்தான் மற்ற பெடல்களுக்கு நேர்மாறாக வேலை செய்யும்: வலப்புறம் திருப்பத் திருப்ப ஒலி இருளும். தெரியாமல் அதை முழுவதும் வலப்பக்கம் திருப்பிவிட்டு, பெடல் பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போனவனை எனக்குத் தெரியும்; அவன் நான்தான்.

1991-இல் வந்த எம்டி-2வைப் பற்றி இங்கே பலரும் ஏளனமாகப் பேசுவார்கள். அதில் இருக்கும் கெயின் அளவு மிக அதிகம் என்பதும், அதன் ஒலிச்சமனாக்கிப் (ஈக்யூ) பொத்தான்கள் தொட்டவுடன் தாவும் என்பதும் உண்மை. ஆயினும் நடுப்பகுதியில் எந்த இடத்தைத் தூக்குவது, எதை அமுக்குவது என்று 200 ஹெர்ட்ஸ் முதல் 5 கிலோ ஹெர்ட்ஸ் வரை தேர்ந்தெடுக்கும் வசதி மற்ற இரண்டிலும் இல்லை. பொறுமை இருப்பவருக்கு அது நல்ல கருவி. முதல் பெடலாக வாங்குபவருக்கு அந்தப் பொறுமை பெரும்பாலும் இருப்பதில்லை.

கடையில் எப்படிச் சோதிப்பது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் கிட்டாரையே எடுத்துச் செல்லுங்கள். கடையில் இருக்கும் பெரிய வால்வு ஆம்பைத் தவிர்த்து, உங்களுடையதைப் போன்ற சிறிய ஆம்பின் சுத்தமான சேனலில் இணைக்கச் சொல்லுங்கள். முதலில் பெடலை அணைத்து வைத்து வாசியுங்கள். பிறகு இயக்கி, இரண்டு நிலைகளிலும் ஒலியளவு ஒன்றாக இருக்கும்படி லெவல் பொத்தானைச் சரிசெய்துகொண்ட பிறகே ஒப்பிடுங்கள். சத்தம் கூடியதையே ஒலி மேம்பட்டதாக நம் காது எடுத்துக்கொள்ளும். விற்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். அடுத்து, கீழ்த்தந்தியில் ஒரு பவர் கார்டை அமுக்கி வாசியுங்கள். பவர் கார்டு என்பது நம் கணக்கில் ஷட்ஜமும் பஞ்சமமும்தான். 82 ஹெர்ட்ஸும் 123 ஹெர்ட்ஸும் சேர்ந்து வெட்டப்படும்போது அவற்றின் வித்தியாசமான 41 ஹெர்ட்ஸும் பிறக்கும். அது அதே ஷட்ஜத்தின் ஒரு ஸ்தாயி கீழ் என்பதால் ஒலி கலங்காமல் தடிக்கிறது. இப்போது அதன்மேல் அந்தர காந்தாரத்தையும் சேர்த்து முழு மேஜர் கார்டாக வாசியுங்கள். ஃப்ரெட்டுகள் அந்த ஸ்வரத்தைத் தூய நிலையிலிருந்து சற்றே தூக்கி வைத்திருப்பதால், வெட்டு அதிகமாக அதிகமாகப் புதிதாகப் பிறக்கும் அதிர்வுகள் ஒன்றோடொன்று உரசும். கெயினை எந்த அளவு வரை ஏற்றினாலும் அந்தக் கார்டில் மூன்று ஸ்வரங்களும் பிரித்துக் கேட்கின்றன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் அந்தப் பெடலில் உங்களுக்குப் பயன்படும் எல்லை. கடைசியாகக் கிட்டாரின் வால்யூமைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். நல்ல பெடல் உடனே தெளியும், மோசமான பெடல் அதே குழப்பத்தைச் சன்னமாகச் செய்யும்.

ரிதம்மட்டும்:

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஓரிடத்தில் மட்டும் எனக்கு மாற்றுக்கருத்து உண்டு. வீட்டு ஆம்பில் நன்றாக ஒலிப்பதை அளவுகோலாக வைத்துப் பெடல் வாங்குவது, என்றைக்காவது குழுவோடு வாசிக்க நினைப்பவருக்கு ஆபத்தானது. குறைந்த ஒலியளவில் மனிதக் காது அடிப்பகுதியையும் உச்சிப்பகுதியையும் குறைவாகவே உணர்கிறது. ஒலியியல் ஆய்வாளர்களான ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை வரைபடமாக்கிவிட்டார்கள். எனவே அறைக்குள் மெல்ல வாசிக்கும் ஒவ்வொருவரும் பாஸையும் டிரெபிளையும் ஏற்றி, நடுப்பகுதியைக் குழியாக்கி, 'ஆகா, கனமாக இருக்கிறது' என்று மகிழ்கிறோம். நானும் ஒரு வருடம் அப்படித்தான் மகிழ்ந்துகொண்டிருந்தேன். முதல் முறையாக டிரம்ஸ், பாஸ் கிட்டாரோடு சேர்ந்து வாசித்த நாளில், என் ஆம்பை நானே காதால் கண்டுபிடிக்க முடியவில்லை. அடிப்பகுதியைப் பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் விழுங்கிவிட்டன, உச்சியைச் சிம்பல்கள் எடுத்துக்கொண்டன. கிட்டாருக்கென்று மிஞ்சும் இடம் நடுப்பகுதிதான், அதை நான் என் கையாலேயே வெட்டி எறிந்திருந்தேன்.

ஆகவே தனியாகக் கேட்கும்போது சற்று மூக்கடைத்தது போலத் தோன்றினாலும் நடுப்பகுதி நிறைந்த பெடலையே எடுங்கள். உங்கள் மூன்றில் அது ராட். கெயினையும் நீங்கள் தேவை என்று நினைப்பதைவிடக் கால்பங்கு குறைத்து வையுங்கள். நீங்கள் சொன்ன 'பொத் பொத்' ஒலிக்கு முக்கியக் காரணம் மிகையான கெயினும் மிகையான பாஸும் சேர்வதுதான். ஒலிப்பதிவுகளில் நீங்கள் கேட்கும் அந்தச் சுவர் போன்ற கனம், ஒரே பகுதியை இரண்டு அல்லது நான்கு முறை தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்து அடுக்கியதால் வருவது. ஒற்றைப் பெடலில் அதைத் தேடினால் கெயின் பொத்தான் எப்போதும் முழு வலப்பக்கத்தில்தான் போய் நிற்கும்.

ஈயப்பற்று:

பெடல்களைப் பழுதுபார்ப்பது என் பொழுதுபோக்கு என்பதால், ஒலியைப் பற்றிய விவாதத்தை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் மின்சாரம். நீங்கள் குறிப்பிட்ட பெடல்கள் 9 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்குபவை. இன்றைய பெரும்பாலான பெடல்களில் அடாப்டர் முனையின் நடுப்பகுதி எதிர்மின்னாகவும் வெளிவளையம் நேர்மின்னாகவும் இருக்க வேண்டும். சாதாரண வீட்டுக் கருவிகளின் அடாப்டர்களில் இது பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். முனை பொருந்துகிறதே என்று செருகிவிட்டு, பிறகு என் மேசைக்கு வந்து சேர்ந்த பெடல்கள் பல. வோல்ட் சரியாக இருக்க வேண்டும்; மில்லி ஆம்பியர் தேவையைவிடக் கூடுதலாக இருந்தால் தீங்கில்லை, பெடல் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக்கொள்ளும். பேட்டரியில் வாசிப்பதானால், வாசித்து முடித்ததும் இன்புட் பக்கத்து கேபிளைக் கழற்றி வையுங்கள். அந்த கேபிள் செருகியிருக்கும் வரை, பெடல் அணைந்திருந்தாலும் பேட்டரி கரையும்.

பழையதை வாங்குவதில் தவறில்லை. டிஸ்டார்ஷன் பெடல் எளிய கருவி, இருபது ஆண்டுகள் கடந்தும் வேலை செய்யும். பேட்டரி அறையைத் திறந்து, கிளிப்பில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு பொத்தானையும் ஒலி வரும்போதே மெல்லத் திருப்புங்கள். கரகரவென்று உரசும் ஒலி தூசியாக இருந்தால் துப்புரவுத் தெளிப்பானில் போய்விடும், ஒலி இடையிடையே அறுபட்டால் அந்தப் பாகத்தையே மாற்ற வேண்டும். செருகிய கேபிளை விரல்நுனியால் லேசாக ஆட்டிப் பாருங்கள். சத்தம் வெட்டினால் ஜாக் தளர்ந்திருக்கிறது. காலால் மிதிக்கும் சுவிட்சைப் பத்து முறையாவது மிதியுங்கள், இரண்டு முறையோடு நிறுத்தாதீர்கள். பழைய பாஸ் பெடல்களில் ஒரு தனிச்சிக்கல் உண்டு: அடாப்டர் துளையருகே ஏசிஏ என்று குறித்திருந்தால் அது வேறு வகை அடாப்டருக்காக வடிவமைக்கப்பட்டது, அதில் இன்றைய 9 வோல்ட் அடாப்டரைச் செருகினால் விளக்கு மங்கலாக எரியும், ஒலியும் வலுவிழக்கும். அதைப் பழுது என்று எண்ணிக் கைவிடாதீர்கள். பேட்டரியைப் போட்டால் ஒழுங்காக ஒலிக்கும்.

உங்கள் சிங்கிள் காயில்களின் முனகலைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் இதையும் சேர்க்கிறேன். எந்த டிஸ்டார்ஷன் பெடலை வாங்கினாலும், வாசிக்காமல் இருக்கும் நொடிகளில் மின்கம்பியின் 'ம்ம்ம்' என்ற முனகல் பெருகித்தான் கேட்கும். அது பெடலின் குறையன்று. பிக்கப் பிடிக்கும் இரைச்சலைப் பெடல் பெருக்கிக் காட்டுகிறது. ஆம்புக்கு நேர் எதிரே உட்காராமல் கொஞ்சம் திரும்பி உட்காருங்கள், எந்தக் கோணத்தில் முனகல் அடங்குகிறது என்று நீங்களே கண்டுகொள்வீர்கள். உங்கள் கிட்டாரின் நடுப் பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டதாக இருந்தால், தேர்வு சுவிட்சின் இரண்டாம், நான்காம் நிலைகளில் முனகல் பெருமளவு ரத்தாகிவிடும்.

ஆறுதந்தி:

அனைவருக்கும் மிக்க நன்றி. கடைக்குக் கிட்டாரோடு சென்று, சொன்னபடியே ஒலியளவைச் சமப்படுத்திக்கொண்டு மூன்றையும் வாசித்துப் பார்த்தேன். டிஎஸ்-1 தனியாகக் கேட்க இனிமையாக இருந்தது. ஆனால் முழு மேஜர் கார்டு சோதனையில், கெயின் பத்து மணியைத் தாண்டியதும் ஸ்வரங்கள் ஒட்டிக்கொண்டன. எம்டி-2வில் இருபது நிமிடங்கள் செலவிட்டும் எனக்குப் பிடித்த நிலையை இரண்டாவது முறை கண்டுபிடிக்க முடியவில்லை. ராட்டில் டிஸ்டார்ஷன் பத்து மணி, ஃபில்டர் ஒரு மணி என்று வைத்தபோது, கீழ்த்தந்தி முதல் முறையாக 'தக்' என்று விழுந்தது; பிறகு ஆம்பின் பாஸைப் பாதிக்கும் கீழே குறைத்தேன், அது இன்னும் இறுகியது. அதையே வாங்கிவிட்டேன்.

வீட்டில் ஒரே ஒரு சந்தேகம் எஞ்சியிருக்கிறது. இரவில் ஆம்பைத் தவிர்த்து, பெடலிலிருந்து நேராகக் கணினியின் ஆடியோ இன்டர்ஃபேஸுக்குக் கொடுத்து ஹெட்ஃபோனில் கேட்டேன். பழைய குளவி திரும்பி வந்துவிட்டது, இம்முறை கூட்டத்தோடு. பெடலை இணைக்கும் முறையில் ஏதேனும் தவறு செய்கிறேனா?

வால்வுவெளிச்சம்:

இணைப்பில் தவறில்லை, இடையில் ஒரு பொருள் விடுபட்டிருக்கிறது. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். டயோடு வெட்டியதால் பிறக்கும் முட்களை இத்தனை நாளும் அந்தச் சரிவுதான் சீவிக்கொண்டிருந்தது. ஹெட்ஃபோனோ 15 கிலோ ஹெர்ட்ஸையும் தாண்டி அத்தனை முட்களையும் அப்படியே காதுக்குள் கொண்டுவந்து கொட்டுகிறது. கணினியில் ஸ்பீக்கர் பெட்டியின் நடத்தையைப் போலி செய்யும் மென்பொருள் ஒன்றைப் பெடலுக்குப் பின்னால் வையுங்கள். இலவசமாகக் கிடைப்பவையே போதும். அது இல்லாத இரவுகளில், உங்கள் ஆம்பின் ஹெட்ஃபோன் துளையைப் பயன்படுத்திப் பாருங்கள். பல சிறிய ஆம்புகளில் அந்தத் துளைக்கு முன்பாகவே உச்சியைச் சீவும் சுற்று ஒன்றை வைத்திருப்பார்கள். இரண்டும் கைகூடாவிட்டால், ராட்டின் ஃபில்டரை மூன்று மணி வரை திருப்பிச் சமாளிக்கலாம். மறுநாள் காலையில் ஆம்போடு வாசிக்கும்முன் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெடல் பழுது என்று நீங்களும் கடைக்குக் கிளம்பிவிடுவீர்கள்.